பேராக் தோட்டப்புற ஊரில் ஒரு வருடம்: புதிதாக வந்த குடும்பத்துக்குப் பண்டிகை, பயண வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு நாங்கள் வந்த பிறகு வந்த முதல் பொங்கல். காலை ஐந்தரைக்கே எழுந்து, வாசலில் கோலம் போட்டு, கேஸ் அடுப்பைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்துப் பானையை ஏற்றிவிட்டேன். சாத்தூரில் எங்கள் வீட்டில் ஆறே முக்காலுக்கெல்லாம் சூரியன் எட்டிப் பார்த்துவிடும். இங்கே பால் பொங்கியது, அரிசி வெந்தது, குழைந்தது, அடியும் பிடித்தது. வானம் மட்டும் நடு இரவு போலக் கருத்துக் கிடந்தது. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர் ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி துடைப்பத்தோடு வெளியே வந்து, "என்னம்மா, எந்த ஊர் நேரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். அவர் பானை வைத்தது ஏழு மணிக்கு மேல். ஏழேகாலைத் தாண்டிச் சூரியன் வந்தபோது அவர் வீட்டில் பால் பொங்கி வழிந்தது. என் வீட்டில் நான் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவரிடம் கற்றதும், நானே தடுக்கி விழுந்து கற்றதும்தான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஆள் நிறைய. தோட்டம் சூழ்ந்த சின்ன ஊருக்கு வருகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. சுங்கை சிப்புட்டை வைத்தே எழுதுகிறேன். தோட்டப்புற ஊர் எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: நாள்காட்டி மூன்று வாங்குங்கள்

ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி நாள்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள், அழகுக்கு. நாள் பார்க்க அது உதவாது. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறுவது, அதனால் அதற்கு இரண்டரை மணியைக் கூட்டினால் கணக்கு சரி. அமாவாசை இந்தியாவில் இரவு 10 மணிக்குத் தொடங்கினால் இங்கே மறுநாள் 12.30 ஆகிவிடும். விரத நாளே மாறலாம். ஆனால் சூரிய உதயத்தை வைத்துப் பார்க்கும் எதையும் இப்படிக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். ஆகவே மலேசியாவில் அச்சிட்ட தமிழ் நாள்காட்டி ஒன்று அவசியம். மளிகைக் கடையில் வருடக் கடைசியில் கேட்டால் கிடைக்கும். சில கடைகளில் வாடிக்கையாளர்களுக்குச் சும்மாவே தருவார்கள்.

இரண்டாவது, பள்ளி விடுமுறை அட்டவணை. மாநிலங்களை ஏ, பி என்று இரண்டு குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். கெடா, கிளந்தான், திரங்கானுவுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பேராக்கில் சனியும் ஞாயிறும். கெடாவில் உறவினர் இருந்தால் இதைப் பார்க்காமல் எதுவும் திட்டமிடாதீர்கள்.

மூன்றாவது, வேலையிடத்தின் விடுமுறைப் பட்டியல். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, பிறகு புலம்புகிறார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 11 பொது விடுமுறை தர வேண்டும். அதில் 5 கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். மற்ற ஆறை நிர்வாகம் தேர்ந்தெடுக்கலாம். தீபாவளி பெரும்பாலும் இருக்கும். தைப்பூசத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசம் நாடு முழுவதும் விடுமுறை இல்லை, பேராக், சிலாங்கூர், பினாங்கு போன்ற சில மாநிலங்களில்தான். பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் பொது விடுமுறை கிடையாது. அந்த இரண்டு நாளுக்கும் சொந்த விடுப்பை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பேராக்கில் விடுமுறை நாள் ஞாயிறில் விழுந்தால் அடுத்த நாளுக்கு மாற்று விடுமுறை உண்டு. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, தீபாவளி நவம்பர் 8, இரண்டுமே ஞாயிறு. இப்படி நீளும் வார இறுதிகளைக் குறித்து வைத்தால் ரயில் சீட்டு எடுக்க வசதி.

இரண்டாம் படி: உங்களுக்கு ஒரு தோட்டக் கோயில் வேண்டும்

மற்றப் படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பட்டணத்துப் பெரிய ஆலயத்துக்குப் போனால் அர்ச்சனைச் சீட்டு வாங்கலாம், சாமி கும்பிடலாம், வீட்டுக்கு வரலாம். யாரும் உங்களை ஏன் என்று கேட்கமாட்டார்கள். தோட்டக் கோயில் அப்படி இல்லை. ரப்பர் தோட்டம் திறந்த காலத்திலேயே லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் ஒரு மாரியம்மனையோ முனீஸ்வரனையோ மதுரை வீரனையோ வைத்துவிட்டார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள், பலர் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறினார்கள். இன்று பல லயங்களில் இருப்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளிகள். ஆனால் கோயில் அங்கேயே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, திருவிழாவுக்கு, அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள் கிள்ளானிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேருகிறார்கள். தீபாவளிக்கு வராதவர்கள்கூட இதற்கு வருவார்கள்.

எந்தக் கோயில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வீட்டில் "உங்க தோட்டம் எது?" என்று கேளுங்கள். இந்த ஊரில் அது "சொந்த ஊர் எது?" என்பதற்குச் சமம். (வயதானவர்கள் "ஊரு" என்று சொன்னால் இந்தியா என்று பொருள். "நீங்க ஊர்லேருந்து வந்தவங்களா?" என்று கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை.) அவர்கள் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கூடவே போங்கள். தோட்டம் தனியார் நிலம். வாசலில் காவலர் இருப்பார், பெயர், வண்டி எண் எழுதச் சொல்வார். தெரிந்தவர்களோடு முதல் முறை போவது நல்லது. செம்பனைக்குள் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், பாம்பு உண்டு. குலை வெட்டும் பகுதிக்குள் போகவே கூடாது. ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல்கூட இருக்கும், மேலிருந்து விழுந்தால் அவ்வளவுதான்.

திருவிழா பெரும்பாலும் வார இறுதியைக் கணக்கிட்டு வைப்பார்கள். காப்புக் கட்டுதல், கரகம், பால்குடம், சில இடங்களில் தீமிதி, இரவில் இரத ஊர்வலம், கடைசியில் மஞ்சள் நீராட்டு. ஊர்வலத்துக்கு முன்னால் உறுமி மேளம் போகும். சின்னப் பையன்கள் அடிக்கிற அடியில் மார்புக்கூடு அதிரும். என் மகனுக்கு ஐந்து வயதில் அது பயம். ஏழு வயதில் அந்தக் குழுவில் சேர்த்துவிடச் சொல்லி அழுதான்.

முதல் வருடம் நாங்கள் செய்தது: 51 வெள்ளி (ரிங்கிட்) நன்கொடை எழுதினோம், ரசீது வாங்கினோம், ஓரமாக நின்று பார்த்தோம், சாப்பிட்டோம், வந்தோம். யாருக்கும் எங்களைத் தெரியவில்லை. இரண்டாம் வருடம் பாட்டி என்னை முதல் நாள் இரவே கோயிலின் பின்பக்கம் அழைத்துப் போய் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள், நான்கு மூட்டை. மறுநாள் மதியத்துக்குள் ஆறு வீட்டுக்காரர்களுக்கு என் பிள்ளைகளின் பெயர் தெரிந்திருந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு எங்களைக் கூப்பிட்ட வீடுகள் எல்லாமே அந்த வெங்காய மூட்டையிலிருந்து வந்தவைதான். ஆகவே சொல்கிறேன், பணம் கொடுங்கள், ஆனால் கையையும் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "எங்க ஊர்ல இப்படிச் செய்யமாட்டோமே" என்ற வாக்கியத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நான்கைந்து தலைமுறைக்கு முன் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். நாம் மறந்துவிட்ட சில வழக்கங்கள் இங்கே இன்னும் நடக்கின்றன. வேறு சில இங்கேயே முளைத்தவை. எது எது என்று பிரித்துச் சொல்லும் வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. அப்புறம், முனீஸ்வரன் பூசைக்குக் கிடா வெட்டிச் சமைத்துக் கொடுப்பதுண்டு. சைவக் குடும்பம் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: வருடத்தை வரிசையாகப் பிடியுங்கள்

பொங்கல். பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் ஒரு வாரம் முன்பே சந்தைக்கு வந்துவிடும். ஈப்போ லிட்டில் இந்தியாவில், ஜாலான் லஹாட் பக்கம், தேர்ந்தெடுத்து வாங்கலாம். வாழையிலை, மாவிலை, தென்னங்குருத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். வேலை நாளாக இருந்தால் வீட்டில் சின்னப் பானை, வார இறுதியில் கோயிலில் பெரிய பொங்கல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளிலும் பொங்கல் விழா வைப்பார்கள். பெற்றோர் போய் உதவலாம். இந்த ஊரின் மகாத்மா காந்தி கலாசாலை, இங்கேயே பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி. அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது தொழிலாளிகளின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. பாட்டி இப்போதும் தன் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

தைப்பூசம். எல்லோரும் கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைக்குப் போகச் சொல்வார்கள். 272 படி, 42.7 மீட்டர் முருகன் சிலை, 1892 முதல் நடக்கும் விழா, ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு தைப்பூசத்தன்று போகாதீர்கள், சாதாரண நாளில் போங்கள். எங்களுக்கு ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயமே போதும். ஈப்போவின் புந்தோங் பகுதியிலிருந்து காவடிகள் நடந்து வரும் பாதையில் காலை ஆறு மணிக்கு முன் ஓரிடம் பிடித்து நின்றால் கண் நிறையப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றி எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் தார் சாலை கால் வைக்க முடியாமல் சுடும். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். தண்ணீர்ப் பந்தல்கள் வழியெங்கும் உண்டு. மோர், தண்ணீர், சாப்பாடு எதையும் சுமக்க வேண்டாம். பால்குடம் எடுக்க நினைத்தால் ஆலயத்தில் முன்பதிவு பற்றி முதலிலேயே விசாரியுங்கள்.

சீனப் புத்தாண்டு பெரும்பாலும் தைப்பூசத்தை ஒட்டி வரும். இரண்டு நாள் விடுமுறை. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கு ஆரஞ்சுப் பழம் இரண்டு எடுத்துப் போங்கள், இரட்டை எண்ணில்தான். அங்பாவ் எனும் அன்பளிப்பு உறையில் பணம் வைத்தால் அதுவும் இரட்டை, நான்கு மட்டும் கூடாது, சாவு என்பதற்கான சீனச் சொல்லின் ஒலி அதில் இருக்கிறதாம். நமக்கோ 11, 51, 101 என்று ஒன்றில் முடிய வேண்டும். என் மகள் இரண்டு கணக்கையும் போட்டுக் குழம்பிப்போய், "அப்படின்னா யாருக்கும் கொடுக்காமலே இருந்துடலாம்" என்றாள்.

அதே பிப்ரவரி, மார்ச்சில் மிச்சமிருக்கும் ரப்பர் காட்டைப் பாருங்கள். இலை செம்பாகிக் கொட்டும். பால் குறைந்து, வெட்டுகிறவர்களுக்குக் கை இறுக்கமான காலம் அது. நமக்கு மலேசியாவில் கிடைக்கும் ஒரே இலையுதிர் காலமும் அதுதான். ஆகஸ்டு, செப்டம்பரில் ரப்பர் கொட்டை பட் பட்டென்று வெடித்துச் சிதறும். பிள்ளைகள் பொறுக்கி, தரையில் தேய்த்துச் சூடாக்கி ஒருவர் கையில் ஒருவர் வைத்துக் கத்துவார்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத விளையாட்டு.

மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு. பத்திரகாளியம்மன் ஆலயத்தில் அன்று நல்ல கூட்டம். லுமுட்டில் வண்டியை நிறுத்தி, படகில் போக வேண்டும். தங்க நினைத்தால் அறையை மிக முன்னதாக எடுங்கள்.

நோன்புப் பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், தேதியை நினைவில் வைத்துப் பயனில்லை. நோன்பு மாதத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் ரமலான் பசார் எனும் உணவுச் சந்தை களைகட்டும். வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பிடுங்கள், நோன்பிருப்பவர்கள் நடுவே மென்றுகொண்டு நடக்காதீர்கள். பெருநாளுக்கு மலாய் நண்பர்கள் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். மூங்கிலுக்குள் வாழையிலை சுற்றித் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறான லெமாங், ஓலைப் பொட்டலத்தில் வேகவைத்த சோறான கெத்துப்பாட், மசாலாவில் சுண்டவைத்த இறைச்சியான ரெண்டாங் இருக்கும். ரெண்டாங் மாட்டிறைச்சியா கோழியா என்று மெதுவாகக் கேட்பதில் தப்பில்லை, அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். "செலாமாட் ஹாரி ராயா, மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். வெளியே தெரிந்தும் உள்ளுக்குள்ளும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வாழ்த்து அது.

சித்திரைப் புத்தாண்டு கோயிலோடு முடியும். ஆடியில் கூழ். ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் பழக்காலம். டுரியான் வாடை பிடிக்காவிட்டால் ஒதுங்கி இருங்கள், பிடித்துவிட்டால் மாதச் செலவை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஹோட்டல் அறைக்குள் அதை எடுத்துப் போக அநேகமாக எங்கும் அனுமதியில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளை இங்கே ரொம்பப் பேர் கடைப்பிடிக்கிறார்கள். அந்த மாதம் முழுக்கச் சைவமாக இருக்கும் வீட்டுக்குக் கோழிக்கறியோடு போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

நான்காம் படி: தீபாவளியும் திறந்த இல்ல உபசரிப்பும்

இதற்கு ஆறு வாரம் முன்பே தயாராக வேண்டும்.

முதலில் பலகாரம். முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி. தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். நான்கு வீடு சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டில் பிழிந்து, பங்கு போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். அச்சு முறுக்கு மாவில் இங்கே தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றுகிறார்கள். என் அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனால் இதுதான் ருசி.

முந்தின நாள் படையல். போய்ச் சேர்ந்த பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவார்கள். பக்கத்து வீட்டு இலையில் இட்லி, ஆட்டுக்கறி, சுருட்டு எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முன் இப்படி ஒரு நாள் கிடையாது. இரண்டாம் வருடம் என் மாமனார் படத்துக்கு முன் நாங்களும் ஓர் இலை போட்டோம். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையை எடுக்க மட்டும் வெகுநேரம் ஆனது.

தீபாவளி காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, தோசையும் கறியும், கோயில். சிவகாசிக்குப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு வெடிதான் குறை. இங்கே அதற்குக் கட்டுப்பாடு அதிகம். கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வீடு திறந்திருக்கும். திறந்த இல்ல உபசரிப்பு என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், வருவார்கள். மலாய், சீன நண்பர்கள், மேலதிகாரி, பள்ளி ஆசிரியை, ஒரு முறை பேசிய கடைக்காரர் எல்லோரும். முதல் வருடம் வீட்டைத் திறக்காதீர்கள். மற்ற வீடுகளுக்குப் போய், எவ்வளவு சமைக்கிறார்கள், எப்படிப் பரிமாறுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் வருடம் நீங்கள் கூப்பிடலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

நாள்: தீபாவளியன்றே வேண்டாம், எல்லோரும் அலைந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வார இறுதி நல்லது. காலை 11 முதல் மாலை 4 வரை என்று நேரம் போட்டு வாட்சப்பில் அனுப்புங்கள். நேரம் போடாமல் விட்ட வருடம் இரவு பத்தரைக்கு ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள்.

சாப்பாடு: மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டும் இல்லாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மலாய் நண்பர்கள் வருவதானால் கோழியையும் ஆட்டையும் ஹலால் கடையில் வாங்குங்கள், முடிந்தால் அசைவத்தை ஹலால் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மது வேண்டாம். தட்டு, குவளை எல்லாம் புதிதாக வாங்கிய காகிதத் தட்டாக இருந்தால் விருந்தினர் சங்கடமில்லாமல் சாப்பிடுவார்கள். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. பிள்ளைகளுக்கு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) ஒரு பெரிய தட்டு வையுங்கள். உங்கள் பிரியாணியைவிட அதுதான் முதலில் தீரும்.

மழை: அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் கொட்டும். வாசலுக்கு வாடகைக் கூடாரம் போடச் சொல்லுங்கள், நாற்காலியும் அவர்களே தருவார்கள். ஒரு வருடம் கூடாரம் போட வாக்குக் கொடுத்த ஆள் வரவே இல்லை. அன்றைக்கு முப்பது பேர் எங்கள் படுக்கையறையில் சாப்பிட்டார்கள். அதிலிருந்து முதல் நாளே போட்டுவிடச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு உறை: பச்சை, ஊதா நிறத்தில் தீபாவளி உறைகள் கடையில் கிடைக்கும். ஐந்து வெள்ளி என்றாலும் புதுத் தாளாக வையுங்கள். வங்கியில் புதுத் தாள் மாற்ற இரண்டு வாரம் முன்பே போங்கள்.

ஐந்தாம் படி: ஊர் சுற்றுவது

அரை மணி நேரத் தூரத்திலிருந்து தொடங்குங்கள். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் அங்கே நட்ட ஒன்பது நாற்றுகளில் மிஞ்சியது. பார்க்க ஐந்து நிமிடம் போதும், பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான். ஆனால் பாட்டியை அழைத்துப் போனபோது அவர் வேலிக்குள் கையை விட்டுப் பட்டையைத் தொட முயன்றார். "இதுக்கா இவ்வளவு பேர் கப்பலேறி வந்தோம்?" என்று கேட்டுவிட்டு, வெட்டுக் கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று என் மகளுக்கு விரலால் காட்டினார். அப்படியே 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) குடிக்கலாம். ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் சுரைக்காய் வடிவக் கருப்பு மண் கூஜா செய்கிறார்கள், தண்ணீர் நன்றாகக் குளிரும்.

ஒரு நாள் பயணத்துக்கு பத்து காஜா கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1915இல் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றுபோன மாளிகை. எல்லோரும் மாளிகையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். நோய் வந்து தொழிலாளிகள் மடிந்தபோது அவர்கள் கேட்டதால் துரை கட்டிக் கொடுத்தது. கூரைமேல் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கும், அது துரைதான் என்கிறார்கள். முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள்.

தைப்பிங் ஏரிப் பூங்கா, 1880இல் ஈயச் சுரங்கக் குழியைப் பூங்காவாக்கியது. குடை இல்லாமல் போகாதீர்கள், மழைக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலை. ஈப்போவில் கெக் லோக் தோங் குகைக் கோயிலும் அதன் பின்னால் உள்ள தோட்டமும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். தம்பூன் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் பிள்ளைகள் உங்களை இழுத்துப் போவார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

அருவிக்குப் போனால் மதியம் ஒரு மணிக்குள் கரையேறிவிடுங்கள். மலையில் பெய்யும் மழை கீழே தெரியாது. திடீரென்று தண்ணீர் கலங்கி, குப்பை மிதந்து வந்தால் பாத்திரம், பை எதையும் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுங்கள். இங்கே அதை "கெப்பாலா ஆயர்" என்பார்கள். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு.

இரவு தங்கும் பயணத்துக்குக் கேமரன் மலை அல்லது பினாங்கு. கேமரனுக்குப் பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் போகவே போகாதீர்கள். பிரிஞ்சாங் சாலையில் காருக்குள் உட்கார்ந்தே ஸ்ட்ராபெரி சாப்பிட்டு முடித்த குடும்பம் எங்களுடையது. சாதாரண வாரத்தில் தேயிலைத் தோட்டமும் தெண்டாயுதபாணி கோயிலும் அருமை. பினாங்குக்கு இடிஎஸ் மின்சார ரயிலில் பட்டர்வொர்த் போய்ப் படகு ஏறுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுங்கை சிப்புட் நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்காது, நேரம் பார்த்து எடுங்கள். பண்டிகைக் காலச் சீட்டு விற்பனை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தீர்ந்துவிடும். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, மாலையில் ஏறுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போன் பண்ணுவது

தீபாவளிக்கு நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஐந்தரைக்கு உற்சாகமாகக் கூப்பிட்டால் அங்கே மணி மூன்று. முதல் வருடம் நான் கூப்பிட்டதும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று என் அம்மா பதறிவிட்டார். இங்கே கோயிலுக்குப் போய்விட்டு வந்து எட்டரைக்குக் கூப்பிடுங்கள். அப்போது அங்கே ஆறு மணி, முதல் சரவெடி வெடிக்கும் நேரம். போனை வாசல் பக்கம் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள்.